டிரைவ் டிரிப் ஆனால்: ரீசெட் அழுத்துவதற்கு முன்

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், தன்னைக் காத்துக்கொள்ள நின்றதும் (இதைத்தான் டிரிப் என்கிறோம்) கை முதலில் போவது ரீசெட் பொத்தானுக்குத்தான். மெஷின் நின்று கிடக்கிறது, சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்கிறார், ஒரு தடவை அழுத்தினால் ஓடிவிடும் என்று தோன்றும். பல நேரம் ஓடவும் செய்யும். அரை மணி நேரத்தில் மறுபடி நிற்கும். மூன்றாவது நான்காவது ரீசெட்டில் உள்ளேயிருந்து 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அப்போது டிரைவுக்குள் கரண்ட்டை வெட்டிக் கொடுக்கும் செமிகண்டக்டர் சுவிட்சான ஐஜிபிடி மாட்யூல் போயிருக்கும். முதலில் எதனால் டிரிப் ஆனது என்று கண்டுபிடிக்கும் வழியும் பெரும்பாலும் அதோடு போயிருக்கும்.

கோவைப் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் வேலையில் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். 415 வோல்ட் மூன்று ஃபேஸில் ஓடும் டிரைவ்களைப் பற்றித்தான் பேச்சு. பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினில் இருந்தாலும் அரிசி ஆலையில் இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். உள்ளே வரும் ஏசி, ரெக்டிஃபையர் என்ற பகுதியில் டிசி ஆகிறது. அது கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கிறது, இந்த இடத்தைத்தான் டிசி பஸ் என்பார்கள். ஐஜிபிடிகள் அதை வெட்டி வெட்டி, வேண்டிய ஹெர்ட்ஸில் மறுபடி ஏசி ஆக்கி மோட்டாருக்கு அனுப்புகின்றன. இந்தப் பாதையில் டிரைவ் எதை உணர்ந்தது என்பதை மட்டுமே டிஸ்ப்ளேயில் வரும் ஃபால்ட் கோடு (பழுதுக் குறியீடு) சொல்லும். ஓவர்கரண்ட் என்று வந்தால் கரண்ட் எல்லை தாண்டியது என்று பொருள், அவ்வளவுதான். ஏன் தாண்டியது என்பதற்கான விடை, எந்த நேரத்தில் டிரிப் ஆனது என்பதில்தான் பெரும்பாலும் இருக்கும்.

முதலில் குறித்துக்கொள்ள வேண்டியவை

ஃபால்ட் ஹிஸ்டரிக்குள் போங்கள். இன்றைய டிரைவ்கள் பெரும்பாலும் டிரிப் ஆன நொடியில் இருந்த ஹெர்ட்ஸ், ஆம்ப்ஸ், டிசி பஸ் வோல்டேஜ் மூன்றையும் சேமித்து வைத்திருக்கும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெஷின் ஓட்டுபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஸ்டார்ட் பண்ணும்போது நின்னுச்சா, ஓடிட்டு இருக்கும்போதா, ஸ்டாப் கொடுத்த பிறகா?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

டிசி பஸ் வோல்டேஜை எப்படிப் படிப்பது என்றும் தெரிந்திருக்க வேண்டும். 415 வோல்ட்டை 1.414 ஆல் பெருக்கினால் 587 வரும். எனவே நல்ல நிலையில் உள்ள டிரைவில் இது 560 முதல் 590 வரை காட்டும். ஓவர்வோல்டேஜ் டிரிப் பெரும்பாலும் 800 வோல்ட்டை ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். அண்டர்வோல்டேஜ் 350க்கும் 400க்கும் நடுவில் எங்காவது இருக்கும். சரியான எண் உங்கள் டிரைவின் மேனுவலில் இருக்கும்.

மூடியைத் திறப்பதற்கு முன் ஒன்று. மெயின் ஆஃப் செய்தாலும் கெப்பாசிட்டரில் அந்த 580 வோல்ட் டிசி அப்படியே நிற்கும். மேலே ஒட்டியுள்ள லேபிளில் 5 நிமிடம், 10 நிமிடம், 15 நிமிடம் என்று அளவுக்கு ஏற்ப எழுதியிருப்பார்கள். அந்த நேரம் காத்திருந்துவிட்டு, டிசி பிளஸ், டிசி மைனஸ் முனைகளில் மீட்டர் வைத்து 30 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். சார்ஜ் விளக்கு அணைந்துவிட்டதை மட்டும் நம்பக் கூடாது, விளக்கே கெட்டுப்போயிருக்கலாம். இதில் எந்த அவசரத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள். ஒரு மெஷின் கால் மணி நேரம் கூடுதலாக நிற்பதால் யாருக்கும் உயிர் போகாது.

ஓவர்கரண்ட்

அதிகம் வருவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். எப்போது வந்தது என்று பார்த்துப் பிரித்துக்கொள்வோம்.

ரன் கொடுத்த அதே நொடியில், மோட்டார் அசைவதற்குள், அல்லது பவர் போட்டதுமே டிரிப் ஆகிறதா? அப்படியானால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. இந்த நிலையில் இன்னொரு ரீசெட் கூடவே கூடாது. பவரை நிறுத்தி, டிசி இறங்கும்வரை காத்திருந்து, யூ, வி, டபிள்யூ மூன்றிலும் மோட்டார் கேபிளைக் கழற்றுங்கள். இப்போது மோட்டாரும் கேபிளும் ஒரு பக்கம், டிரைவ் ஒரு பக்கம். இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

டிரைவ் பக்கத்துக்கு மல்டிமீட்டரின் டயோடு மோடு போதும். சிவப்பு முனையை யூ, வி, டபிள்யூ மீது ஒவ்வொன்றாக வைத்து, கறுப்பை டிசி பிளஸ்ஸில் வையுங்கள். ஏறக்குறைய 0.3 முதல் 0.6 வரை காட்ட வேண்டும், மூன்றும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். முனைகளை மாற்றி வைத்தால் எண் மெல்ல ஏறி ஓபன் காட்ட வேண்டும். ஏறுவதற்குக் காரணம் மீட்டரின் சின்ன கரண்ட்டில் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆவது, பயப்பட வேண்டாம். பிறகு சிவப்பை டிசி மைனஸ்ஸில் வைத்து, கறுப்பை யூ, வி, டபிள்யூ மீது வைத்தால் மறுபடி அதே 0.3 முதல் 0.6. எங்காவது இரு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் அந்த ஐஜிபிடி ஷார்ட். உள்ளே வரும் ஆர், எஸ், டி முனைகளிலும் இதையே செய்தால் ரெக்டிஃபையரின் நிலை தெரிந்துவிடும். பெரிய டிரைவ்கள் சிலவற்றில் ரெக்டிஃபையரின் மேல் பாதியில் டயோடுக்குப் பதில் தைரிஸ்டர் இருக்கும். அங்கே டிசி பிளஸ் பக்கம் இரு திசையிலும் ஓபன் காட்டுவது சரியான நிலைதான், பழுது என்று கழற்றிவிடாதீர்கள்.

இந்தச் சோதனையில் தேறினால் டிரைவ் முழுக்க நல்லது என்று அர்த்தமாகாது. ஐஜிபிடியை இயக்கும் கேட் சர்க்யூட்டோ கரண்ட் சென்சாரோ கெட்டிருந்தால் இதில் தெரியாது. அதனால் மோட்டார் கேபிள் இல்லாமலே, வி/எஃப் மோடில் (ஹெர்ட்ஸுக்கு ஏற்ப வோல்டேஜை மாற்றும் சாதாரண முறை) வைத்து ஓட்டிப் பாருங்கள். அவுட்புட் ஃபேஸ் லாஸ் பாதுகாப்பு டிரிப் செய்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள், பின்னால் மறக்காமல் திரும்பப் போடுங்கள். மோட்டார் இல்லாமலும் ஓவர்கரண்ட் வந்தால் பழுது டிரைவுக்குள். வரவில்லை, மூன்று ஃபேஸ்களுக்கு இடையிலும் வோல்டேஜ் சமமாக இருக்கிறது என்றால் மோட்டாரையும் கேபிளையும் சந்தேகப்பட வேண்டும்.

மோட்டார் பக்கம் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) போடும்போது கேபிள் டிரைவிலிருந்து கழன்றிருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். கேபிளைக் கழற்றாமல் 500 வோல்ட் மெக்கர் போட்டு, நல்லபடியாக இருந்த டிரைவைக் கொன்ற கதை ஒவ்வொரு மில்லிலும் ஒன்று இருக்கும்.

அடுத்து, வேகம் ஏறும்போது டிரிப் ஆவது. முதலில் பார்க்க வேண்டியது ஆக்சிலரேஷன் டைம். கார்டிங் சிலிண்டர் போன்ற கனமான உருளையை 10 நொடியில் 50 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோகச் சொன்னால் எந்த டிரைவும் திணறும். நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். டார்க் பூஸ்ட் (குறைந்த வேகத்தில் சுற்றுவிசைக்காகக் கொடுக்கும் கூடுதல் வோல்டேஜ்) தேவைக்கு மேல் வைக்கப்பட்டிருந்தாலும் குறைந்த ஹெர்ட்ஸிலேயே கரண்ட் எகிறும். மெக்கானிக்கலாக இறுக்கம் இருக்கிறதா என்று பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

நேரத்தைக் கூட்டியும் போகவில்லை, 15 ஹெர்ட்ஸ் தாண்டினாலே கரண்ட் ஏறுகிறது என்று ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணா, நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு. ரீவைண்டிங் போயிட்டு வந்த மோட்டார்தான், மெக்கர் நல்லா இருக்கு" என்றார். டெர்மினல் பாக்ஸைத் திறக்கச் சொன்னேன். டெல்டாவில் இருக்க வேண்டிய மோட்டாரை ஸ்டாரில் கட்டி அனுப்பியிருந்தார்கள். ஸ்டாரில் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் கிடைப்பது 58 சதவீத வோல்டேஜ்தான், டார்க் மூன்றில் ஒரு பங்காகிவிடும். லோடைத் தூக்க முடியாமல் மோட்டார் கரண்ட்டை இழுக்கிறது, டிரைவ் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. மூன்று பட்டைகளை மாற்றிப் போட்டதும் ஓடியது. அதற்குள் டிரைவைக் கழற்றி சர்வீசுக்கு அனுப்பப் பெட்டி கட்டியிருந்தார்கள். ரீவைண்டிங் முடிந்து வரும் மோட்டாரின் டெர்மினல் பட்டையை நேம் பிளேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வெக்டர் மோடில் (மோட்டாரின் அளவுகளை வைத்துக் கணக்கிட்டு ஓட்டும் முறை) ஓடும் டிரைவாக இருந்தால், மோட்டார் மாறியதும் அந்த அளவுகளை டிரைவே எடுத்துக்கொள்ளும் ஆட்டோ டியூனிங்கும் மறுபடி செய்ய வேண்டும்.

ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று வரும் ஓவர்கரண்ட் பெரும்பாலும் லோடில் வந்த அடி. பேரிங் பிடித்தது, எதுவோ சிக்கியது, மோட்டார் கேபிள் லக் (கேபிள் முனையில் உள்ள இணைப்பு) லூஸாகி ஒரு ஃபேஸ் விட்டு விட்டுத் தொட்டது. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் காண்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இருந்தால் அதை முதலில் பாருங்கள். டிரைவ் ஓடும்போதே அந்தக் காண்டாக்டர் விழுந்து எழுந்தால் ஓவர்கரண்ட் நிச்சயம்.

கோடு எண்களில் ஒரு குழப்பம் உண்டு. மிட்சுபிஷியில் ஓசி1 வேகம் ஏறும்போது, ஓசி2 நிலையான வேகத்தில், ஓசி3 வேகம் குறையும்போது. ஃபியூஜியில் ஓசி1 அதேதான், ஆனால் ஓசி2 குறையும்போது, ஓசி3 நிலையான வேகத்தில். இரண்டு பிராண்டும் இருக்கும் இடத்தில் வாய்மொழியாகக் கோடு சொன்னால் தப்பான திசையில் தேடப் போய்விடுவீர்கள். பேனல் கதவின் உள்பக்கம் அந்தந்த டிரைவின் கோடு பட்டியலை ஒட்டிவையுங்கள்.

ஓவர்வோல்டேஜ்

ஸ்டாப் கொடுத்த பிறகு வருகிறதா? காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். பெரிய ஃபேனையோ சிலிண்டரையோ சீக்கிரம் நிறுத்தச் சொல்கிறோம். சுற்றும் எடை மோட்டாரை ஜெனரேட்டராக்கி, கரண்ட்டை டிரைவுக்குள் திருப்பி அனுப்புகிறது. அது போக வழியில்லாமல் கெப்பாசிட்டரில் ஏறுகிறது, 587 இருந்த இடத்தில் 800 ஆகிறது. டிசெலரேஷன் டைமைக் கூட்டுங்கள். உடனே நிற்க வேண்டிய அவசியம் இல்லாத ஃபேன் என்றால் கோஸ்ட் ஸ்டாப் வைத்துவிடுங்கள், தானாகச் சுற்றி நிற்கட்டும். சீக்கிரம் நின்றே ஆக வேண்டும் என்றால் பிரேக் ரெசிஸ்டர் வேண்டும். ஏற்கெனவே ரெசிஸ்டர் இருந்தும் டிரிப் ஆகிறது என்றால் அது ஓபன் ஆகியிருக்கிறதா என்று ஓம்ஸ் அளந்து பாருங்கள். ரெசிஸ்டர் போட்ட பிறகு, டிரைவில் உள்ள ஓவர்வோல்டேஜ் கன்ட்ரோல் என்ற வசதியைப் பெரும்பாலான பிராண்டுகளில் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் ரெசிஸ்டருக்கு வேலையே வராது.

மில்லுக்குள் ஈரக்காற்று அனுப்பும் ஹியுமிடிஃபிகேஷன் பிளாண்டில் இன்னொரு வகை பார்க்கலாம். இரண்டு ஃபேன்கள் ஒரே டக்ட்டில் இருக்கும். ஒன்று நின்றிருக்கும்போது மற்றதன் காற்று அதைத் தலைகீழாகச் சுற்றவிடும். அந்த நிலையில் ஸ்டார்ட் கொடுத்தால் ஓவர்கரண்ட்டோ ஓவர்வோல்டேஜோ வரும். டேம்பர் சரியாக மூடுகிறதா என்று பாருங்கள். அப்புறம் டிரைவில், ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரைப் பிடித்து ஓட்டும் ஃப்ளையிங் ஸ்டார்ட் வசதியைப் போடுங்கள். ஸ்டார்ட்டுக்கு முன் சிறிது நேரம் டிசி பிரேக் கொடுப்பதும் ஒரு வழி.

யாரும் எதையும் தொடாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே வரும் ஓவர்வோல்டேஜ் ஆளை அலைக்கழிக்கும். இதற்கு டிரைவைத் திறக்காதீர்கள், நேரத்தை எழுதுங்கள். ஒரு வாரம் டிரிப் நேரங்களை எழுதிப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியவரும். எனக்குத் தெரிந்த ஒரு மில்லில் ஷிஃப்ட் தொடங்கி லோடு ஏறும் நேரத்தில் மட்டும் நான்கு சின்ன டிரைவ்கள் சேர்ந்தே விழுந்தன. பக்கத்திலிருந்த பவர் ஃபேக்டர் பேனலில் பெரிய கெப்பாசிட்டர் ஸ்டெப் ஒன்று உள்ளே வரும் நேரமும் அதுவே. கெப்பாசிட்டர் லைனில் சேரும் நொடியில் வோல்டேஜ் ஒரு துள்ளு துள்ளும். லோடு குறைவாக ஓடும் சின்ன டிரைவ்களில் டிசி பஸ் அந்தத் துள்ளலில் எல்லையைத் தாண்டிவிடும். டிரைவின் இன்புட்டில் 3 சதவீத லைன் சோக் (துள்ளலைத் தணிக்கும் சுருள்) போட்டதும் நின்றது. லைன் சோக்கை வீண் செலவு என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹார்மானிக்ஸைக் குறைக்கும், ரெக்டிஃபையரைக் காப்பாற்றும், இந்த மாதிரித் துள்ளலையும் விழுங்கும்.

பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டரை டிரைவின் அவுட்புட் பக்கம் ஒருபோதும் கட்டக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேரடி ஸ்டார்ட்டரில் ஓடிய மோட்டாருக்கு டிரைவ் போடும்போது, பழைய கெப்பாசிட்டர் மோட்டார் முனையிலேயே தங்கிவிடுவது உண்டு. ரன் கொடுத்ததும் ஓவர்கரண்ட் வரும். வராமல் ஓடினால் இன்னும் மோசம், ஐஜிபிடி மெல்ல மெல்லச் சாகும்.

அண்டர்வோல்டேஜ், இன்புட் ஃபேஸ் லாஸ்

ஈபி லைனில் ஒரு நொடி இறக்கம் வந்து எல்லா டிரைவும் சேர்ந்து விழுந்தால் காரணம் வெளியே. ஒரே ஒரு டிரைவ் மட்டும் திரும்பத் திரும்ப விழுந்தால் அதன் ஃப்யூஸ், இன்புட் காண்டாக்டர், லக் ஆகியவற்றைப் பாருங்கள்.

ஒரு ஃபேஸ் போனாலும் டிரைவ் உடனே நிற்காது என்பதைப் புதியவர்கள் நம்புவதில்லை. மூன்று ஃபேஸும் இருக்கும்போது டிசியில் உள்ள சிற்றலை 300 ஹெர்ட்ஸ். ஒன்று போனால் 100 ஹெர்ட்ஸ், ஆழமும் அதிகம். லோடு இல்லாதபோது கெப்பாசிட்டர் அதைத் தாங்கிவிடும். லோடு ஏறியதும் ஃபேஸ் லாஸ் அல்லது அண்டர்வோல்டேஜ் டிரிப். எனவே 'சும்மா ஓட்டினால் ஓடுகிறது, மெட்டீரியல் போட்டதும் நிற்கிறது' என்றால் இன்புட் மூன்றையும் டங் டெஸ்டரில் (ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட் அளக்கும் மீட்டர்) அளந்து பாருங்கள். லோடில் அளக்க வேண்டும் என்பது முக்கியம்.

இன்புட் சரியாக இருந்தும் லோடில் மட்டும் அண்டர்வோல்டேஜ் வருகிறது என்றால் ப்ரீசார்ஜ் சர்க்யூட்டைச் சந்தேகப்படுங்கள். பவர் போட்டதும் காலி கெப்பாசிட்டர் வெறிபிடித்தது போல் கரண்ட்டை இழுக்காமல் இருக்க ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சார்ஜ் செய்வார்கள். சார்ஜ் ஆனதும் ஒரு ரிலே அந்த ரெசிஸ்டரைத் தாண்டி இணைத்துவிடும். அந்த ரிலே ஒட்டாவிட்டால் டிஸ்ப்ளே நன்றாக எரியும், டிசி 580 காட்டும், ரன் கொடுத்து லோடு ஏறியதும் மளமளவென்று இறங்கும். பவர் போட்டு ஓரிரு நொடியில் கேட்க வேண்டிய 'டிக்' சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். இன்புட் காண்டாக்டரை ஸ்டார்ட்-ஸ்டாப்புக்குப் பயன்படுத்தும் இடங்களில்தான் இந்த ரெசிஸ்டரும் ரிலேவும் அதிகம் போகின்றன. ரன், ஸ்டாப் இரண்டும் கன்ட்ரோல் டெர்மினல் வழியாகவே நடக்கட்டும்.

எர்த் ஃபால்ட்

கேபிளை டிரைவ் முனையில் கழற்றி மெக்கர் போடுங்கள். குறைவாக வந்தால் மோட்டார் முனையிலும் கழற்றி, கேபிள் தனியாக, மோட்டார் தனியாக. 415 வோல்ட் மோட்டாருக்கு 5 மெகாஓமுக்குக் கீழே வந்தால் ஓட்டாதீர்கள். நல்ல மோட்டார் நூறு, இருநூறு மெகாஓம் சாதாரணமாகக் காட்டும். வாஷர் பம்ப் மோட்டார் போல எந்நேரமும் ஈரத்தில் இருப்பவற்றில் டெர்மினல் பாக்ஸ் கேஸ்கட் போய் உள்ளே தண்ணீர் நிற்பதுதான் அடிக்கடி பார்க்கும் காரணம். காயவைத்து, கிளாண்டை இறுக்கி, கேபிள் கீழிருந்து நுழையும்படி திருப்பிக் கட்டினாலே தீர்ந்துவிடும்.

மெக்கரில் எல்லாம் நன்றாக இருந்தும் விட்டு விட்டு எர்த் ஃபால்ட் வருகிறது, கேபிள் நீளம் 100 மீட்டருக்கு மேல் என்றால், கேபிளுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓடும் கசிவு கரண்ட்டாக இருக்கலாம். கேரியர் ஃப்ரீக்வென்சியைக் (ஐஜிபிடி வெட்டும் வேகம்) குறைத்துப் பாருங்கள், உதாரணத்துக்கு 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4 அல்லது 2. மோட்டார் கொஞ்சம் இரையும், டிரிப் நிற்கும். நிலையான தீர்வு அவுட்புட் சோக்.

ஓவர்ஹீட்

எங்கள் ஊர் மில்களில் இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: பஞ்சு. ஹீட் சிங்க் இடுக்குகளில் பஞ்சுத் தூசி படிந்து மெத்தை போல அடைத்துக்கொள்ளும். வெளியே இருந்து பார்த்தால் ஃபேன் சுற்றும், காற்று மட்டும் போகாது. ஃபேன் சுற்றுகிறதே என்று விட்டுவிடாமல், காற்று வெளியேறும் இடத்தில் ஒரு தாள் துண்டைப் பிடித்துப் பாருங்கள். பவர் நிறுத்தி, ஃபேனைக் கழற்றி, காற்றால் ஊதி எடுப்பதைவிட வேக்குவமில் உறிஞ்சுவது நல்லது. ஊதினால் தூசி கன்ட்ரோல் கார்டுக்குள் போய் உட்காரும். ஊதித்தான் ஆக வேண்டும் என்றால் கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர், எண்ணெய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபேனைக் கழற்றாமல் ஊதினால் அதன் இறக்கையைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தாறுமாறான வேகத்தில் சுற்றிப் பேரிங் போய்விடும்.

டிரைவ்கள் பொதுவாக 40 டிகிரி வரை முழு ஆம்ப்ஸ் தரும். ஏப்ரல், மே மாதத்தில் மூடிய பேனலுக்குள் அதைத் தாண்டுவது எளிது. பேனல் கதவைத் திறந்துவைத்து டேபிள் ஃபேன் காட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது, ஆனால் அதோடு பஞ்சும் உள்ளே வருகிறது. பேனல் ஃபில்டரை வாரம் ஒரு தடவை மாற்றுவதே மேல். எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஏறக்குறையப் பாதியாகும். கூலிங் ஃபேனை 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை, சத்தம் வரும்வரை காத்திராமல் மாற்றிவிடுங்கள். அதன் விலையையும் டிரைவின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

ஓவர்லோடு

இது ஓவர்கரண்ட்டிலிருந்து வேறு. கரண்ட் கொஞ்சம் அதிகமாக, நெடுநேரம் ஓடியதால் வருவது. முதலில் மோட்டார் ரேட்டட் கரண்ட் பாராமீட்டரை நேம் பிளேட்டோடு ஒப்பிடுங்கள். டிரைவை மாற்றியவர் பழைய எண்ணையே விட்டிருக்கலாம். அது சரியாக இருந்தால் பெல்ட் இறுக்கம், பேரிங், லோடு. யாஸ்காவாவில் ஓஎல்1 என்றால் மோட்டாருக்கான ஓவர்லோடு, ஓஎல்2 என்றால் டிரைவுக்கானது.

கரண்ட் அளக்கும்போது ஒரு குழப்பம் வரும். குறைந்த வேகத்தில் டிரைவின் அவுட்புட்டில் 20 ஆம்ப்ஸ் ஓடும்போது இன்புட்டில் 7, 8 ஆம்ப்ஸ்தான் காட்டும். மீட்டர் பழுதில்லை. டிரைவ் லைனிலிருந்து எடுப்பது மோட்டார் செய்யும் வேலைக்கான பவரை மட்டுமே. மோட்டாரை மேக்னடைஸ் செய்யும் கரண்ட் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவுட்புட் வோல்டேஜைச் சாதாரண மல்டிமீட்டரில் அளந்தாலும் எண் தப்பாக வரும். லோ பாஸ் ஃபில்டர் உள்ள மீட்டர் வேண்டும், இல்லையென்றால் மூன்று ஃபேஸும் சமமா என்று மட்டும் பாருங்கள்.

டிஸ்ப்ளே நன்றாக இருக்கிறது, மோட்டார் ஓடவில்லை

கோடு எதுவும் இல்லை என்றால் டிரைவ் நல்லது, கட்டளை வரவில்லை என்று தொடங்குங்கள். லோக்கலில் வைத்துக் கீபேடிலிருந்து 5 ஹெர்ட்ஸ் கொடுத்துப் பாருங்கள். ஓடினால் பிரச்சினை கன்ட்ரோல் ஒயரிங்கில். ரன் டெர்மினலுக்கு 24 வோல்ட் வருகிறதா, சிங்க்-சோர்ஸ் ஜம்பர் (இன்புட் எந்தத் திசையில் வேலை செய்ய வேண்டும் என்று தேர்வு செய்வது) சரியா, பாதுகாப்புக்காக மோட்டாருக்குப் போவதை நிறுத்தும் சேஃப் டார்க் ஆஃப் முனைகளில் இணைப்புப் பட்டை இருக்கிறதா என்று மானிட்டர் மெனுவில் இன்புட் நிலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ரன் வந்தும் 0 ஹெர்ட்ஸிலேயே நின்றால் பிரச்சினை ரெஃபரன்ஸில், அதாவது வேகம் சொல்லும் சிக்னலில். 4-20 மில்லிஆம்ப் சிக்னலுக்கு, கார்டில் உள்ள சின்ன சுவிட்ச் கரண்ட் பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேகம் நிலையாக நிற்காமல் 1, 2 ஹெர்ட்ஸ் ஆடிக்கொண்டே இருந்தால் சிக்னல் ஒயர் மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் போகிறதா என்று பாருங்கள். பிரித்துப் போடுங்கள், சிக்னல் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். மோட்டார் கேபிளின் ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்ய வேண்டும்.

டிஸ்ப்ளேயே வரவில்லை

இன்புட் மூன்று ஃபேஸும் இருக்கிறது, சார்ஜ் விளக்கும் எரியவில்லை என்றால், டிசி சோக்குக்காக விடப்பட்ட இணைப்புப் பட்டை இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸ் முடிந்து வந்த டிரைவில் இது இல்லாமல் போவது உண்டு. சார்ஜ் விளக்கு எரிகிறது, டிஸ்ப்ளே இல்லை என்றால் உள்ளே இருக்கும் சின்ன பவர் சப்ளை நின்றிருக்கிறது. கார்டை மாற்றுவதற்கு முன், பவரை நிறுத்திக் காத்திருந்து கன்ட்ரோல் டெர்மினல் பிளாக்கைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். வெளியே ஏதோ ஒரு சென்சார் ஒயர் ஷார்ட் ஆகி 24 வோல்ட்டை இழுத்துக்கொண்டிருக்கலாம். வரவில்லையா, அதே முறையில் கூலிங் ஃபேன் கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள். ஃபேன் ஷார்ட் ஆகி மொத்த சப்ளையையும் படுக்கவைப்பது நடக்கும்.

டிரைவ் நல்லது, மோட்டாரில் தொல்லை

குறைந்த வேகத்தில் மோட்டார் கொதிக்கிறது என்றால், அதன் ஃபேன் அதே ஷாஃப்ட்டில்தான் இருக்கிறது, காற்று போதவில்லை. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழு லோடில் நெடுநேரம் ஓட்ட வேண்டும் என்றால் தனி ஃபேன் வையுங்கள்.

பேரிங் ஆறு மாதத்துக்கு ஒன்று போகிறது, கிரீஸ் கறுத்திருக்கிறது என்றால் பழைய பேரிங்கை எறியாமல் அறுத்துப் பாருங்கள். ஓடுபாதையில் துணி துவைக்கும் பலகை போலச் சீரான வரிகள் தெரிந்தால், ஷாஃப்ட்டிலிருந்து பேரிங் வழியாகக் கரண்ட் பாய்ந்திருக்கிறது. கிரீஸை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. மோட்டாருக்கும் டிரைவுக்கும் நல்ல எர்த் இணைப்பு, ஷாஃப்ட் எர்த்திங் பிரஷ், பெரிய மோட்டாராக இருந்தால் ஃபேன் பக்கம் இன்சுலேட்டட் பேரிங் ஆகியவைதான் வழி.

ஸ்டோரில் இருக்கும் ஸ்பேர்

கடைசியாக ஒன்று. டிரைவ் போய்விட்டது, ஸ்டோரில் மூன்று வருடமாகப் பெட்டியில் இருந்த புதியதை எடுத்து மாட்டி நேராக 415 வோல்ட் கொடுக்கிறோம், பவர் போட்டதும் கெப்பாசிட்டர் வெடிக்கிறது. நெடுநாள் மின்சாரம் படாத எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரில் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் மெலிந்திருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் சும்மா இருந்த டிரைவுக்கு வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து, மோட்டார் இணைக்காமல், வோல்டேஜை மெதுவாகச் சில மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். எத்தனை வருடத்துக்கு எவ்வளவு நேரம் என்று தயாரிப்பாளரின் மேனுவலில் அட்டவணை இருக்கும். ஸ்டோரில் உள்ள ஒவ்வொரு டிரைவ் பெட்டியின் மேலும் கடைசியாகப் பவர் கொடுத்த தேதியை மார்க்கரில் எழுதிவைத்து, வருடம் ஒரு முறை எடுத்து ஒரு மணி நேரம் பவர் கொடுத்துத் திரும்ப வைத்துவிட்டால், அவசரத்துக்கு எடுக்கும் அன்று நேராக மாட்டலாம்.